மூன்றாவது உத்திரம்

மூன்றாவது உத்திரத்தில்தான் சத்தம் மாறியது. முன்கட்டில் இருந்த முதல் இரண்டும் தேக்குக்கே உரிய கனத்தோடு டக்கென்று பதில் சொல்லியிருந்தன. பின்கட்டு அறையில் இருந்த இது, சுவருக்குள் புகுகிற இடத்தில், வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி முனகியது. தெய்வநாயகம் மடக்கு ஏணியின் நான்காம் படியில் நின்றபடி சுத்தியலின் பின்பக்கத்தால் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து மரத்தின் நுனியில் வைத்து அழுத்தினார். டீயில் ஊறிய பிஸ்கோத்துக்குள் போகிற மாதிரி இரண்டு அங்குலம் போயிற்று. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். வெளியே இழுத்தால் கூடவே என்ன வரும் என்று பயம். அறுபத்து நாலு வயதில், நான்காம் படியில், அடுத்தவர் வீட்டு உத்திரத்தில் திருப்புளியைச் செருகிக்கொண்டு நிற்கிறோமே என்று தோன்றியது. இதெல்லாம் வேண்டாம் என்று மனைவி கோமதி சொன்னாள், ஓய்வு பெற்ற பிறகாவது வீட்டில் இருங்கள் என்றாள், வீட்டில் இருந்தால் மட்டும் என்ன, வீட்டுக்கும் மேலே ஒரு கூரை இருக்கிறதே, அதையும்தானே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே கட்டிலில் கிடந்த மனிதர் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள், பஞ்சாலையில் முப்பது வருஷம் நின்றவர், இரண்டு வருஷமாகப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய் இந்தக் கட்டிலில் கிடக்கிறார். தலைமாட்டில் அவர் மனைவி மகாதேவி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். “எப்படி சார் இருக்கு?” என்றாள். நல்ல பதில் ஒன்று தெய்வநாயகத்திடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. நிற்கும் அம்மா, இந்த வீடு இன்னும் நூறு வருஷம் நிற்கும், இந்த ஒரு நுனிதான் கெட்டிருக்கிறது. அது உண்மை. ஒரு காலத்தில் இதே மாதிரி உண்மையைச் சொல்லித்தான்... இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். இறங்கு. ஒவ்வொரு படியாக இறங்கு.

மாடிக்குப் போகும் படிகள் குறுகலானவை. ஏறும்போது சுண்ணாம்புச் சுவர் தோளில் உரசி, ஈரமும் சுண்ணாம்போடு அரைத்துச் சேர்த்த பழைய கடுக்காயும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது. இதை அவருக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிவிடுவார், இது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பூச்சு, இது நேற்று பூசின சிமெண்ட் என்று. சுண்ணாம்பு மூச்சு விடும்; சிமெண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இப்படியெல்லாம் ஒரு காலத்தில் கூட்டங்களில் பேசியிருக்கிறார். பாரம்பரியப் பகுதி என்று இந்தத் தெருக்களைக் கோடு போட்டுப் பிரித்தபோது, கட்டிடம் நிற்குமா நிற்காதா என்று பார்த்துச் சொல்ல அவரைத்தான் குழுவில் போட்டார்கள். அவர் நிற்கும் என்று எழுதினால் இடிக்க முடியாது. இடிக்கலாம் என்று எழுதினால் யாராலும் காப்பாற்ற முடியாது. ஒரு தாள், கீழே ஒரு கையெழுத்து. மொட்டைமாடியில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தால் தெரு முழுக்கத் தெரிந்தது, பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தார். எதிர் வரிசையில் நாலாவது, கண்ணாடி முகப்பு வைத்த தங்கும் விடுதி, அது நிற்கிற இடத்தில் முன்பு பதினாறு தூண் வைத்த வீடு, இடிக்கலாம் என்று அவர் எழுதினது. அதற்கு இரண்டு தள்ளி மஞ்சள் பெயிண்ட் அடித்த ஐந்து மாடி, அதுவும் அவர் எழுதினது. மூலையில் வெறும் மனை, தகரத் தட்டி, உள்ளே எருக்கஞ்செடி. ஒன்பது வருஷத்தில் பதினோரு வீடுகள். பதினொன்றில் இரண்டு, அல்லது மூன்று, நிஜமாகவே முடிந்துபோனவை. மற்ற எட்டும் நின்றிருக்கும். தட்டினபோது டக்கென்று பதில் சொன்ன வீடுகள். அவற்றின் கீழே நின்றுகொண்டே ‘பாதுகாப்பற்றது, இடிக்கலாம்’ என்று எழுதினார். இடித்த வீடு யார் தலையிலும் விழாது. அது ஒன்றுதான் கணக்கு. குழுவில் ஒருத்தர் கேட்டார், தெய்வநாயகம் சாருக்கு என்ன ஆச்சு, முன்னெல்லாம் ஒரு செங்கல்லை எடுக்க விடமாட்டாரே என்று. பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, அந்தத் தையல்காரம்மா விஷயத்துக்கு அப்புறம் அப்படித்தான், பாவம், மனசு விட்டுப் போச்சு என்றார். பாவம் என்றார். அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொண்டு, காதில் விழாத மாதிரி இவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பிலோமினா. அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், உயிரோடு. தெற்கே நாலு தெரு தள்ளி இதே மாதிரி வீடு, பின்கட்டு அறையில் தையல் மிஷின், தரையில் பாயை விரித்து ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து ஒதுங்கி நின்றபோது மடியிலிருந்து நூல்கண்டு உருண்டு ஓடியது. “பார்த்து சார், ஊசி கிடக்கும்” என்றாள். நாற்பத்து மூன்று வயது என்று பிறகு தாளில் படித்தார். அந்த வீட்டைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார், அதுதான் அவர் செய்த தப்பு; பழைய வீட்டின் மேல் வைத்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது; எட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பின்கட்டுக் கூரை விழுந்தது. இப்படித்தான் ஒன்பது வருஷமாகத் தனக்குத் தானே சொல்லி வந்திருக்கிறார், குளிக்கும்போது, பஸ்ஸில், கோமதி ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது. பழைய வீட்டை நம்பினேன், ஒரு பெண் செத்துப்போனாள், இனி நம்ப மாட்டேன். நல்ல கதை. ஒரு மனிதனுக்கு ஒரு தப்பு, அதற்கு ஒரு தண்டனை. அந்தத் தண்டனையைத்தான் பதினோரு வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. கைப்பிடிச் சுவரில் பெயர்ந்த காரையை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். விரல் நிறுத்தமாட்டேன் என்றது. மகாதேவி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். “சார், வழுக்கும், பார்த்து வாங்க.”

அவர் இறங்கி வந்தபோது காப்பி கொண்டுவந்து வைத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. டெட்டால் வாசனை, அதன் அடியில் படுக்கையில் கிடக்கும் உடம்பின் வாசனை, ஜன்னல் வழியாக வரும் வேப்பமரக் காற்று. வீட்டிலேயே இந்த ஒரு அறைதான் நாள் முழுக்கக் காற்று வருகிற அறை, அதனால்தான் அவரை இங்கே போட்டிருக்கிறேன் என்றாள். “என் கொழுந்தனார் இடிச்சிடலாம்ங்கறாரு சார். லாட்ஜ் கட்டலாம், மேல ஒரு மாடி உங்களுக்குன்னு சொல்றாரு. ரெண்டு வருஷம் வாடகை வூட்ல இருங்கன்றாரு. இவர தூக்கிக்கினு நான் எந்த வூட்டுக்குப் போவேன்? யாரு சார் குடுப்பாங்க? இங்கன்னா சுவத்தப் புடிச்சி அடையாளம் வெச்சிருக்காரு, இடது கையால கக்கூஸ் வரைக்கும் போவாரு. வேற வூட்ல மறுபடியும் படுத்துடுவாரு. இடிக்காட்டியும் பயமாதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க எது சொல்றீங்களோ அது.” கொழுந்தனார் நேற்று சாயங்காலம் அவருக்கும் போன் செய்திருந்தார். ஒரு வரி எழுதிக் கொடுங்க சார், போதும், அண்ணிக்கு ஒண்ணும் புரியாது. ஒரு வரிதான். பையில் படிவம் இருந்தது, பேனா இருந்தது, நாளைக் காலையில் குழு கூடுகிறது. எழுதிவிட்டு எழுந்து போகலாம், வழக்கம்போல. காப்பியை ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போடவில்லை, யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று. அந்தச் சின்ன கவனம் எங்கோ போய்க் குத்தியது. அப்போது கட்டிலில் இருந்தவர் இடது கையைத் தூக்கினார். மேலே காட்டி ஏதோ சொன்னார், சொல்லில் பாதி எச்சிலாக வந்தது. “ஃபேன் வேணாங்கறாரு” என்று மகாதேவி எழுந்து நிறுத்தப் போனாள். “டெய்லி இதான் சார். போடச் சொல்லி காட்டுவாரு, போட்டா வேணாம்னு காட்டுவாரு.” ஃபேன் நின்றது. கை இறங்கவில்லை. தெய்வநாயகம் அந்த விரல் போகும் வழியில் தன் கண்ணை அனுப்பினார். விரல் ஃபேனைக் காட்டவில்லை. அதைத் தாண்டி, சுவரோரம், மூன்றாவது உத்திரத்தின் நுனியைக் காட்டியது. “இவர் மேல மண் விழுதாம்மா?” “விழும் சார். காலைல போர்வைய உதறுனா பொடிப் பொடியா இருக்கும். பழைய வூடுதானே.” “எத்தனை நாளா?” “ஒரு மாசமா இருக்கும்.” கலியபெருமாளின் கை கட்டிலில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், கடைசியில் ஒருத்தனுக்காவது புரிந்ததே என்பது மாதிரி. ஒரு மாசமாக இந்த மனிதன் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாய் இல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாய் இருந்தவன்... வேண்டாம்.

மகாதேவியின் முகம் வெளுத்துப்போயிற்று. “ஐயோ, நான் ஃபேன்னு நெனச்சேனே” என்று கணவனின் காலைத் தொட்டாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, அவசர அவசரமாக, எதையோ உறுதி கொடுக்கிறவள் போலச் சொன்னாள்: “நீங்க சொல்லுங்க சார், நாங்க கேட்டுப்போம். அந்தத் தையக்காரம்மா வூட்டுக்காரரு மாதிரி இருக்க மாட்டோம். அன்னிக்கி நீங்க தலபாடா அடிச்சிக்கினீங்களாம், அந்த ரூம்ல படுக்காதீங்கன்னு. அந்த ஆளுதான் காதுல வாங்கலயாம். ஊருக்கே தெரியும் சார்.”

ஊருக்கே தெரியும். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார், வைத்த இடம் நாற்காலியின் விளிம்பு, சரிந்தது, அவள் பிடித்தாள். ஊருக்கே தெரிந்த அது நடக்கவே இல்லை அம்மா. ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணி, கோமதியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம், பன்னிரண்டரைக்குப் பந்தி, அதற்குள் போய்ச் சேராவிட்டால் கோமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பின்கட்டில் ஏணி போட்டு ஏறி, உத்திரத்தின் நுனியில் திருப்புளியைச் செருகினார், இன்றைக்கு மாதிரியே இரண்டு அங்குலம், இல்லை, மூன்று. நோட்டில் எழுதினார்: வீடு நன்று, பின்கட்டு மட்டும் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், ஆள் புழங்கக் கூடாது. எழுதி, நோட்டை மூடி, பையில் வைத்து, இறங்கினார். பிலோமினாவின் புருஷன் இருதயராஜ் வாசல் வரை கூடவே வந்தான். “எல்லாம் சரியா இருக்கா சார்?” என்றான். “ரிப்போர்ட் வரும்” என்றார். அவ்வளவுதான். ஸ்கூட்டரை உதைத்தார். நிச்சயதார்த்தத்தில் பாயசம் நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. ரிப்போர்ட்டை மறுநாள் டைப் அடிக்கலாம் என்று இருந்தார், மறுநாள் வேறு வேலை, திங்கட்கிழமை என்றார், திங்கட்கிழமை மழை. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடித்தார், நோட்டில் இருந்ததை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். தேதியை மட்டும் முந்தின வியாழக்கிழமை என்று போட்டார். பொய் எழுதவில்லை, பார்த்த அன்றைய தேதிதானே என்று அப்போதே மனசு ஒரு சமாதானத்தைத் தயார் செய்து வைத்திருந்தது. விசாரணையில் அந்தத் தாளை எடுத்து வைத்தார்கள். எனக்கு எந்தத் தாளும் வரல, இவரு வாயாலயும் ஒண்ணும் சொல்லல என்றான் இருதயராஜ், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. விசாரித்தவர் இவர் பக்கம் திரும்பினார். நேரில் சொன்னீர்களா? “சொன்னேன்.” ஒரே வார்த்தை. சொன்னபோது குரல்கூடப் பிசகவில்லை. இருதயராஜ் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குழப்பம் இருந்தது, தன்னையே சந்தேகப்படத் தொடங்குகிறவனின் குழப்பம். அதைத்தான், அந்தப் பார்வையைத்தான், பதினோரு வீடுகளைப் போட்டு மூடினார். வீட்டை நம்பினது தப்பு என்று வைத்துக்கொண்டால், தான் வாயைத் திறக்காதது அதற்குள் எங்கோ காணாமல் போய்விடுகிறது. வீட்டைப் பற்றி அவர் எழுதினது சரிதான். அன்றைக்கும் சரிதான். பின்கட்டு ஒன்றுதானே விழுந்தது. முன்கட்டை இடிக்க ஆட்களுக்கு மூன்று வாரம் பிடித்தது, சுவர் பெயரவே மாட்டேன் என்றது, அதைத் தெருமுனையில் நின்று பார்த்தார், பார்த்தும் தெரிந்துகொள்ள மறுத்தார். எட்டு வீடுகள். எட்டு வீட்டு மனிதர்கள். தன் வாயிலிருந்து வராத ஒரு வாக்கியத்துக்காக.

“சார்? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” மகாதேவி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் எழுந்தார். “அம்மா, இந்தக் கட்டில் இப்பவே முன்கட்டுக்குப் போகணும்” என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. “நாளைக்கு இல்ல. இப்ப. நான் சொல்றது காதுல விழுதா? இந்த ரூம்ல இனி யாரும் படுக்கக் கூடாது, உட்காரக் கூடாது, துணி காயப் போடக்கூட வரக் கூடாது. முட்டுக் கொடுத்து, அந்த நுனியை வெட்டி எடுத்து வேற மரம் சேர்க்கிற வரைக்கும்.” அவள் தலையாட்டினாள். “திருப்பிச் சொல்லுங்க.” அவள் ஒரு நொடி விழித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். கட்டிலின் ஒரு முனையை அவர் பிடித்தார், இன்னொரு முனையை அவள். கலியபெருமாளோடு சேர்த்துத் தூக்க முடியவில்லை, இழுத்தார்கள்; நாலு காலும் தரையில் கீறிக்கொண்டு வந்தன, நிலைப்படியில் ஒரு கால் மாட்டிக்கொண்டது, தெய்வநாயகம் குனிந்து தோளைக் கொடுத்து நெம்பினார், இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. கலியபெருமாள் இடது கையால் கதவை உந்தி உதவப் பார்த்தார். முன்கட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். மேலே முதல் உத்திரம், இரண்டாவது உத்திரம். இரண்டையும் ஏணி போட்டு மறுபடி தட்டினார், நுனியிலிருந்து நுனி வரை, திருப்புளியால் குத்திப் பார்த்தார், இறங்கவே இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்தார்.

படிவத்தைக் கையாலேயே எழுதினார். இடிக்கத் தேவையில்லை, பழுது பார்க்கலாம், நான்கு மாத வேலை, வீட்டார் முன்கட்டில் இருந்துகொண்டே செய்யலாம். எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினார், கட்டிலில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி. இன்றைய தேதியைப் போட்டார். பக்கத்தில் நேரத்தையும் போட்டார், பன்னிரண்டு ஐந்து. படிவத்தில் நேரத்துக்கு இடம் கிடையாது, ஓரத்தில் எழுதினார். இன்னொரு தாளில் ஒரு பிரதி எழுதி அவளிடம் கொடுத்தார். “கொழுந்தனார் கோவிச்சிக்குவாரு” என்றாள் மகாதேவி. ஆனால் தாளை மடித்த விதத்தில், அதை இனி யாரிடமும் கொடுக்கப்போவதில்லை என்று தெரிந்தது. “என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்” என்றார். நன்றாக இருந்தது. ஒரு வீடு நின்றுவிட்டது, ஒரு மனிதன் நகர்ந்துவிட்டான். இதோடு வீட்டுக்குப் போய்விடலாம், கோமதி சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள், இன்றைக்கு நல்லது செய்தேன் என்று படுத்துத் தூங்கலாம் என்று மனசு உடனே அடுத்த சமாதானத்தைத் தைக்கத் தொடங்கியது. அதன் வேகத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. வெளியே வந்தார். தூறல் போட்டது. வலது பக்கம் திரும்பினால் வீடு. இடது பக்கம் நடந்தார்.

கோயிலுக்குப் பின்னால், மாதா சிலை வைத்த கெபி இருக்கும் சந்தில், இருதயராஜ் மகளோடு இருக்கிறான் என்று தெரியும். தெரிந்துதான் ஒன்பது வருஷமாக அந்தச் சந்து வழியாகப் போனதில்லை, மருந்துக் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போவார். இப்போது கால் தானாகப் போயிற்று, சரி, தானாக இல்லை, ஒவ்வொரு அடியாகச் சொல்லிச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. என்ன ஆகும்? அந்தத் தாளைத் திரும்ப எடுப்பார்கள். பென்ஷன். பேப்பரில் போடுவார்கள். கோமதி. இருதயராஜ் அடிக்கலாம், அடித்தால் நல்லது. ஆள் வீட்டில் இல்லாமல் இருந்தால் என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. நீலக் கதவு. தட்டினார். திறந்தது இருதயராஜேதான். முடி முழுக்க வெளுத்திருந்தது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், அடையாளம் தெரிய இரண்டு நொடி ஆயிற்று. தெரிந்ததும் அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை. கையைக் கூப்பினான்.

“வாங்க சார். நானே வந்து பாக்கணும்னு எத்தன தடவ கெளம்பியிருப்பேன் தெரியுமா. வெக்கமா இருக்கும், திரும்பிடுவேன். விசாரணைல உங்கள மாட்டி வுட்டுட்டேன், ஒண்ணுமே சொல்லலன்னு. எம் பொண்ணு இன்னிக்கும் கேக்குது, அவரு சொல்லியும் ஏம்ப்பா அம்மாவ அந்த ரூம்ல வுட்டன்னு. நீங்க சொல்லித்தான் இருப்பீங்க சார். நீங்க படிச்சவரு, எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க. நான்தான் காதுல வாங்கல. ஒண்ணே ஒண்ணுதான் சார், நானும் தெனம் படுத்துக்கினு யோசிக்கிறேன். நீங்க எங்க நின்னு சொன்னீங்கன்னு மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது. வாசல்லயா, உள்ளயா?”

இப்போதுகூட முடியும், வாசலில் என்று சொன்னால் போதும், இவன் நிம்மதியாகத் தூங்குவான், நானும். அந்த எண்ணம் வந்தது, வந்து நின்றது, ஒரு கணம் இருவருக்கும் நடுவில் நின்றது.

“நான் சொல்லல, இருதயராஜ்.”

“என்ன சார்?”

“அன்னிக்கு நான் உங்ககிட்ட எதுவுமே சொல்லல. ரிப்போர்ட் வரும்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். அந்தத் தாளையும் அவங்க செத்த அன்னிக்கு சாயங்காலம்தான் அடிச்சேன். நீங்க விசாரணைல சொன்னதுதான் நிஜம்.”

இருதயராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். தூறல் தெய்வநாயகத்தின் சட்டையை நனைத்து முதுகில் ஒட்ட வைத்தது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம். அது நின்றது. “யாருப்பா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. இருதயராஜ் இவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தொண்டை கிழிகிற மாதிரி கத்தினான்.

“ஜெனோவா! இங்க வாம்மா. கைவேலைய வுட்டுட்டு வா. இவரு சொல்றத நீயும் வந்து கேளு.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம், பிறகு செருப்புச் சத்தம். அவள் வந்து நிற்கட்டும் என்று தெய்வநாயகம் வாசலிலேயே காத்திருந்தார்.